வகைப்படுத்தாதவை

கடலூர் முதுநகரில்
ஐஸ் ஃபேக்டரிக்கு மேல்மாடியில்
கருவாட்டு வியாபாரப் பெண்கள் சங்கத்துக்கு
வலைத்தளம் நிறுவிக்கொண்டிருக்கிறேன்.
தரை சில்லென்று இருக்கிறது. கீழே
பார் உடைபடும்போதெல்லாம்
மடிக்கணினி ஒரு விரற்கடை நகர்கிறது.

முதலில் நேரம்.
பட்டியலில் கடலூர் இல்லை, சென்னையும் இல்லை.
கொல்கத்தா என்று ஒன்றுதான்.
தயங்கினேன்.
"போட்டுக்கோ, அதுவும் இதே தண்ணிதான"
என்றார் எட்டியம்மா, பொருளாளர்.

அதற்கு முன் இரண்டு நாள்
விடிகாலை நாலரை ஏலத்தின் விலையை
முந்தின இரவு பதினொன்று என்று
காட்டிக்கொண்டிருந்தது தளம்.
படகு கரை சேருமுன்னே மீனை விற்றவர்கள்
இந்தக் கரையில் நாங்கள்தான்.

பிறகு பொறுப்புகள்.
நிர்வாகி, தொகுப்பாளர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர்:
மென்பொருள் கையோடு கொண்டுவந்த இருக்கைகள்.
பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது,
மேலே ஒருவர் சரி சொல்ல வேண்டும்
என்று விளக்கினேன்.
பூரணி சிரித்தாள்.
"அத நான் வாழப்போன வூட்லயே பாத்துட்டேன்.
இதுலயும் என்ன அப்படிப் போடாத."
ஏழு பேரையும் நிர்வாகியாக்கினேன்.
பாதுகாப்புக்கு ஆகாது, தெரியும்.

"காய்ந்த நெத்திலி" என்று தலைப்பு வைத்தால்
முகவரிப் பட்டையில் அழகாக நிற்கிறது.
நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால்
எழுத்தெல்லாம் உதிர்ந்து
விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாய்
நாலு வரிக்குச் செதில்.
திருப்பாதிரிப்புலியூர்க் கிளைக்கு ஆறு வரி.
ஆங்கில எழுத்திலேயே வைப்பதென்று முடிவாகி,
நெத்திலிக்கு ஹெச் உண்டா இல்லையா என்று
அரைமணி நேரம் போனது.
ஹெச் ஜெயித்தது.

தாய் வகை எது, சேய் வகை எது என்று கேட்கிறது.
கருவாடு தாய்.
சுறா, வாளை, காரப்பொடி, சென்னாகுனி சேய்கள்
என்று வரிசையாக அடித்தேன்.
சென்னாகுனியைக் கருவாட்டோடு சேர்த்ததற்கு
இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.
டீ வந்ததும் திரும்பி வந்தார்கள்.
சென்னாகுனி இப்போது தனிக்குடித்தனம்.

ஒன்றை மட்டும் அழிக்க முடியவில்லை.
"வகைப்படுத்தாதவை."
மாதிரிப் பதிவு, மாதிரிப் பக்கம்
எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.
இது போகாது.
பெயர் தராமல் எதை விட்டாலும்
அது வந்து விழ ஓர் இடம் வேண்டுமாம்.

"ஏன் அழிக்கப் பாக்குற?" என்றார் எட்டியம்மா.
"வலையில வர்றதுக்கெல்லாம் பேரு இருக்கா?
கழிசலுன்னு ஒரு கூட தனியா இல்லாம
எந்தப் படகு கரையேறுது?"
பெயர் மாற்ற மட்டும் அனுமதி இருந்தது.
கழிசல் என்று தட்டினேன்.
சேமி.

கடைசியாகக் கடவுச்சொல்.
பூரணி படகின் பதிவெண்ணை அடித்தாள்.
பலவீனமானது, என்றது சிவப்பில்.
"எதுடா பலவீனம்? தானே புயல்ல நின்ன படகு."
நான் பதில் சொல்லவில்லை. திரையும்
சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.
அதன் பின்னால் ஏதோ ஒரு பெயரைச் சேர்த்தாள்,
முந்தானையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு,
ஒவ்வோர் எழுத்தாய், நிறுத்தி நிறுத்தி.
பச்சை வந்தது. வலிமையானது.
எனக்குத் தெரிந்தது புள்ளிகள் மட்டும்.
எண்ணினேன், பத்தொன்பது.

"மறந்துட்டா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.
மீட்டெடுக்க வழி இருக்கிறது என்று வாயெடுத்தேன்.
"மறக்காது" என்றாள் பூரணி.
கீழே ஒரு பார் உடைந்தது.

நாளை நாலரைக்கு முதல் விலை ஏறும்.
பட்டியலில் எட்டாவது நிர்வாகி நான்.
என்னை நீக்கும் வேலை
இன்னும் பாக்கி.